செய்ததைச் சொன்னால் கண் படாது

காலையில் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தபோது போன் வந்தது. செஞ்சியிலிருந்து லிங்கம், என் அண்ணன் மகன். "அத்த, சித்தி போயிடுச்சு" என்றான். நான் கேட்காமலே அவனே மேற்கொண்டு சொன்னான். "காலைல எழுந்துச்சு. மொகம் கழுவிச்சு. காப்பி கேட்டுச்சு. ரெண்டு வாய் குடிச்சிட்டு சக்கர பத்தலன்னுச்சு. அப்புறம் செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துச்சு. அவ்ளோதான் அத்த." அவன் அழவில்லை. நடந்ததை நடந்தபடியே அடுக்கிச் சொன்னான். நான்தான் அழுதேன். ஒரு சேதியை அப்படிச் சொல்ல அவனுக்கு யார் பழக்கியது என்று எனக்குத் தெரியும்.

வேதவல்லி அண்ணியை உங்களில் பலர் மண்டி வீட்டு அம்மாவாக அறிவீர்கள். முறத்தில் மல்லாட்டையைப் போட்டு உடைத்துக்கொண்டே தெருவில் போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி விசாரிப்பாரே, அவர்தான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். கடைசிவரை அவருடைய குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. காது மந்தமான பிறகு எட்டு வீடு தாண்டிக் கேட்டது. இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். நீங்கள் அறியாத ஒன்றை, அறுபதுகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த முதல் வருஷத்தை, எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இப்போது மிச்சமிருப்பது நானும் லிங்கமும்தான். லிங்கத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை.

அண்ணி என் அண்ணனுக்கு இரண்டாந்தாரம். மூத்த அண்ணிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே தவறிப்போயின. மூன்றாவதாகப் பிறந்தவன் லிங்கம். இவனும் போய்விடக் கூடாதே என்று என் அம்மா அவனைத் தவிட்டுக்கு விற்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிவர வேண்டும். இது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, இதற்குப் பெறுமானம் ஒன்றும் இல்லை என்று எமன் விட்டுவிடுவானாம். லிங்கத்தை வாங்கிக்கொண்டவர் அடுத்த தெரு ஜுலேகா பீவி. அவர் வீட்டுக்காரர் வளையல் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் அவ்வளவு ஒட்டுதல்.

ராமலிங்கம் என்று பேர் வைத்தோமே தவிர, யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தவுடு என்றுதான் கூப்பிட்டோம். பிள்ளையைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது, அம்மா கண்ணை உருட்டுவாள். அவன் கொழுகொழுவென்று இருந்தால் "நோஞ்சான்" என்பாள். சமர்த்தாக உட்கார்ந்திருந்தால் "போக்கிரி, இன்னா திட்டம் போடறான் பாரு" என்பாள். அவனுக்கு மூன்று வயதில் மூத்த அண்ணி காய்ச்சலில் போன பிறகு அம்மாவின் பயம் இரட்டித்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவனை நடுவீட்டில் நிறுத்தி, "டேய் தவுடு, நீ நல்ல புள்ளயா, கெட்ட புள்ளயா?" என்று கேட்பாள். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "கெட்ட புள்ள!" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். கையில் ஒரு முறுக்கு விழும். அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி.

அவனும் கொடுத்த பேரைக் காப்பாற்றினான். மாவுப் பானையில் மண்ணைப் போடுவது, கோழிக்குஞ்சைத் தூக்கித் தூக்கி எறிவது, கூப்பிட்டால் கோட்டைப் பக்கம் ஓடுவது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூத்து. அண்ணன் விளாசுவார். அடி வாங்கும்போது அழுவான், கை எடுத்ததும் பழையபடி கிளம்பிவிடுவான். அந்த வீட்டுக்குத்தான் தொண்டூரிலிருந்து வேதவல்லி அண்ணி வந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், அவ்வளவுதான். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

வந்த புதிதில் அண்ணியும் எல்லோரையும் போலத்தான் பாடுபட்டார். கெஞ்சினார், கொஞ்சினார், பூச்சாண்டி காட்டினார். ஒருநாள் பொறுக்க முடியாமல் முதுகில் ஒன்று வைத்தார். அவன் சோற்றுத் தட்டைக் காலால் எத்திவிட்டு ஓடினான். இந்தச் சேதி திண்டிவனம்வரை போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த மூத்த அண்ணியின் தம்பி ஆள் சொல்லி அனுப்பினார். மாற்றாந்தாய்க்கு அடங்காத பிள்ளை அங்கே எதற்கு, பொங்கல் கழித்து வருகிறேன், சரிப்படவில்லை என்றால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அம்மா அண்ணியைக் கூப்பிட்டு நேராகவே சொன்னாள். "இதோ பாரு வேதா. அவன் மாமன் வர்றதுக்குள்ள புள்ள உன் பேச்சக் கேக்கணும். இல்லன்னா அனுப்பிடுவேன். அவன் போயிட்டா உனக்கும் இந்த வீட்ல இன்னா இருக்குது, நீயே ரோசன பண்ணு." அண்ணி கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தார். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தார்.

எல்லாம் திரும்பியது ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில். அண்ணி அவன் தலையைப் பிடித்துச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் கேட்டான்: "சித்தி, என்னத் திருப்பிக் குடுத்துட்டா தவுடும் திருப்பிக் குடுப்பாங்களா?" அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஜுலேகா பீவி வரும்போதெல்லாம் "எம் புள்ளயக் குடுங்க, உங்க தவுட்ட எடுத்துக்கோங்க" என்று வேடிக்கை பேசுவார். நாங்கள் சிரிப்போம். பிள்ளை சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணி அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார். அன்று மத்தியானம் அடுப்படியில் என்னிடம் சொன்னார்: "பத்மா, நாம அவனுக்குப் போக்கிரின்னு பேரு வெச்சோம். அவன் அந்தப் பேருக்கு ஒத்தாப்புல நடக்குறான். அவன் இன்னா பண்ணுவான் பாவம். நம்ம பேச்சக் கேட்டுத்தான நடக்குறான்." எனக்குச் சுரீரென்றது. பேச்சைக் கேட்காத பிள்ளை என்று ஊரே தூற்றிய பிள்ளை, எங்கள் பேச்சை எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அண்ணி முதலில் செய்தது, அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜுலேகா பீவி வீட்டுக்குப் போனதுதான். நானும் போனேன். "அக்கா, இவன வாங்குன கதய இவன்கிட்ட முழுசாச் சொல்லுங்க" என்றார். ஜுலேகா பீவி அவனை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். "காலைல உன்ன எங்கைல குடுத்தாங்க. சாயங்காலம் தவுடு கொண்டாந்து வாங்கிட்டுப் போறதாத்தான் பேச்சு. உங்கம்மாவுக்குத் தாங்கல. மத்தியானமே தவுட்ட வாரிக்கிட்டு ஓடியாந்துட்டா. பாதி தவுடு தெருவெல்லாம் சிந்திக் கெடக்குது. ஒடம்பு தேறாத பச்ச ஒடம்புக்காரி. இன்னா புள்ள ஆசைடி இதுன்னு நான் திட்டுனேன்." அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியில் ஓர் இடத்தில் நின்று, "இங்கயும் சிந்திச்சா?" என்று கேட்டான். "இங்கயும் சிந்தியிருக்கும்" என்றார் அண்ணி. வீடுவரை தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆனால் வீட்டில் அம்மா இருந்தாளே. பிள்ளையை நல்லவன் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு இரண்டுபட்டுவிடும். இரண்டு பேரப்பிள்ளைகளையும் ஒரு மருமகளையும் வாரிக்கொடுத்தவளிடம் போய்க் கண்ணேறு எல்லாம் பொய் என்று சொல்ல முடியுமா? அண்ணிக்கே அது பொய் என்ற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். ராத்திரி அண்ணன் சாப்பிட உட்காரும்போது பரிமாறிக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவார். புகழ்ச்சி இல்லை, பேர் வைப்பது இல்லை. வெறும் சேதி. "இன்னிக்கு லிங்கம் கோழிக்குத் தண்ணி வெச்சான்." "ஆயா கைத்தடி கீழ விழுந்துச்சு, எடுத்துக் குடுத்தான்." ஆயா என்றது என் அம்மாவை. லிங்கம் என்று அவன் சொந்தப் பேரை அந்த வீட்டில் முதலில் சொன்னவர் அவர்தான். பையன் தூணுக்குப் பின்னால் நின்று கேட்பான். அண்ணன் "உம்" என்பார். என் அண்ணனிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது.

அம்மா விடுவாளா. "இன்னாடி, தம்பட்டம் அடிக்கிற? கண்ணு படப்போவுது" என்றாள். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "செஞ்சதச் சொன்னா கண்ணு படாதுங்க அத்த. புகழ்ந்தாத்தான் படும்." என் அம்மாவை வாயடைக்க வைத்த ஒரே ஆள் வேதவல்லி அண்ணிதான், அதுவும் மரியாதை குறையாமல்.

தப்பையும் அவர் மறைக்கவில்லை. ஒருநாள் அவன் பித்தளைச் சொம்பைக் கிணற்றில் போட்டுவிட்டான். விழுந்ததை எடுக்கிற பாதாளக் கரண்டியை எதிர்வீட்டிலிருந்து வாங்கிவந்து அண்ணியும் நானும் மாரே விட்டுப்போகத் துழாவினோம். அம்மா திட்டித் தீர்த்தாள். "முருங்கய ஒடிச்சு வளக்கணும், புள்ளய அடிச்சு வளக்கணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அண்ணியிடம் பாய்ந்தாள். "முருங்கைக்குக் காது கேக்காதுங்க அத்த, இவனுக்குக் கேக்குது" என்றார் அண்ணி. அன்று ராத்திரி அண்ணனிடம் சேதி இப்படிப் போயிற்று: "இன்னிக்கு லிங்கம் சொம்பக் கெணத்துல போட்டான். அப்புறம் நாங்க எடுக்குறவரைக்கும் கயித்துச் சுருளப் புடிச்சிக்கினு நின்னான்." போக்கிரி என்ற சொல் அதில் இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து லிங்கம் மெதுவாக வெளியே வந்து, "கை எரிஞ்சுது, ஆனா விடல" என்றான். அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு தட்டு போடச் சொன்னார்.

அதற்கப்புறம் அவனுக்குச் சேதி சேர்ப்பதே வேலையாகிவிட்டது. ஏதாவது செய்துவிட்டு ஓடிவருவான், "சித்தி, இத ராத்திரி சொல்லு" என்பான். ஒருநாள் கோழிக்கு நாலு தரம் தண்ணீர் வைத்து முற்றத்தைச் சேறாக்கினான். எனக்குச் சிரிப்பு தாளவில்லை. "இது நடிப்புதான அண்ணி, நீங்க சொல்றதுக்காகத்தான செய்றான்" என்று சீண்டினேன். "இருக்கட்டும் பத்மா. கெட்ட புள்ளன்னு கத்துனதும் முறுக்குக்காகத்தான். அது உள்ள எறங்கலயா? இதுவும் எறங்கும்" என்றார். பிள்ளை தன்னைச் சித்தி என்றே கூப்பிடட்டும், அம்மா என்ற பேர் தவிட்டைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தவளுக்கே இருக்கட்டும் என்று சொன்னவரும் இந்த அண்ணிதான். எனக்கு அப்போது அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அந்த வயதில் இந்த அறிவு எனக்கு ஏன் வரவில்லை என்று.

பொங்கல் கழிந்தது. சொன்னபடி திண்டிவனம் மாமா வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், அக்காள் மகன் என்ற உருக்கம். அண்ணி அவரைக் கும்பிட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மாமா பையனைக் கோட்டைக்கு அழைத்துப்போகிறேன் என்றார். தனியாகப் பேசி மனசை அறியத்தான். அண்ணி அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, "மாமா கூடப் போயிட்டு வா. கொளத்துப் படியில மட்டும் எறங்காத கண்ணு, பாசி புடிச்சிருக்குது" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. துணைக்கு என்னை அனுப்பினாள் அம்மா.

கோட்டைக்குள் சக்கரக்குளத்தில் அன்று தண்ணீர் தளும்பி நின்றது. பையன்கள் குதித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். போன வருஷமாக இருந்தால் இவனைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். "வாடா, கால் நனச்சிக்கலாம். மாமா புடிச்சிக்கிறேன்" என்றார். லிங்கம் மேல்படியில் நின்றுகொண்டான். தண்ணீரையே பார்த்தான். காலை முன்னால் வைத்தான், பின்னால் எடுத்தான். அவனுக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், எச்சில் விழுங்கினான். மாமா சிரித்தார். "சித்திக்குப் பயமாடா? அது வீட்ல இருக்குது, இங்கருந்து போயி யாரு சொல்லப்போறா? நான் சொல்ல மாட்டேன், உங்க அத்தையும் சொல்லாது." நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். அவன் இறங்கவில்லை.

மாமாவுக்கு வியப்பு. ஏறிவந்து, பழைய விளையாட்டை நினைத்துக்கொண்டு கேட்டார்: "டேய் தவுடு, நீ நல்ல புள்ளயா, கெட்ட புள்ளயா?" அந்தக் கேள்விக்கு அவன் வாயில் ஊறிய பதில் ஒன்றுதான். இடுப்பில் கை போயிற்று. பிறகு கீழே இறங்கிற்று. ஏதோ பேரையும் ஊரையும் சொல்வதுபோலச் சொன்னான்: "நான் சொம்புக்குக் கயிறு புடிச்ச புள்ள. சித்தி வேணாம்னு சொன்னா எறங்காத புள்ள."

மாமா திரும்பும்போது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்ததும் அம்மாவிடம், "புள்ள இங்கயே இருக்கட்டும்மா. இந்த மாதிரிப் புள்ளய நான் பாத்ததில்ல" என்று வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டார். அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. அம்மாவுக்கோ பயம் பிடித்துக்கொண்டது, பேரனைப் புகழ்ந்தாயிற்றே. மாமா பஸ் ஏறியதும் உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக்கொண்டு, "தவுடு, வந்து ஒக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். அம்மா சுற்றுவதற்குக் கையைத் தூக்கியவள் நிறுத்திவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "வேதா, நீயும் வந்து அவன் பக்கத்துல ஒக்காரும்மா." இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ கண்ணு" என்றாள். அதன்பிறகு லிங்கத்தையோ அண்ணியையோ அனுப்புகிற பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை.

அண்ணிக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களும் அந்த ராத்திரிச் சேதியில்தான் வளர்ந்தார்கள். அண்ணன் காலமான பிறகும் சேதி நிற்கவில்லை, கேட்க யாராவது இருந்தார்கள். லிங்கம் சிங்கவரத்துப் பக்கம் நிலம் வாங்கிப் பயிர் வைத்தான், பிள்ளைகளைப் படிக்கவைத்தான். அண்ணிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தோள் தேவைப்பட்ட காலத்தில் பக்கத்திலேயே இருந்தான்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த சாயங்காலம், அவன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன். "டேய் லிங்கம், நீ நல்ல புள்ளயா, கெட்ட புள்ளயா?" அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சக்கர பத்தலன்னுச்சு அத்த. எழுந்துபோயி போட்டுக்கினு வந்தேன். அதுக்குள்ள திரும்பிப் படுத்துடுச்சு." அப்புறம்தான் அழுதான். ஐந்து வயதில் அழுததுபோலவே அழுதான்.

அண்ணியிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அந்த ஒரு பழக்கம்தான். பிறகு வாத்தியாரம்மாவாக வேலை பார்த்த காலமெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் நான் பேர் வைத்ததில்லை, செய்ததை மட்டும் அதன் காது கேட்கச் சொன்னேன். இங்கேயும் அண்ணி செய்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் வாழ்ந்தவரையில், கண் பட்டுவிடும் என்று, அந்த வீட்டில் யாரும் அவரை முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. நானும் புகழ்ந்ததில்லை. இனி அவர்மேல் யார் கண்ணும் படாது.

நீங்க ரொம்ப நல்லவங்க அண்ணி.